பாறைச் சீவலில் ஒளிர்வது எது? நுண்ணோக்கியில் கனிம ஒளிர்வைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிய கல் துண்டுதான் பாறைச் சீவல். முதன்முதலில் அப்படி ஒரு சீவலின் மேல் புற ஊதா டார்ச்சை அடித்த அன்று, நீலமாக ஒளிர்ந்த ஒரு கொடியை ஒன்றரை மணி நேரம் படம் எடுத்தேன். படிகங்களுக்கு இடையே புகுந்து கிளை பிரிந்து ஓடியது, அவ்வளவு அழகு. மறுநாள் வேறொரு பாறையின் சீவலை வைத்தேன். அதிலும் அதே நீலம். மூன்றாவதிலும் அதே. கடைசியில் கல்லே இல்லாத ஸ்லைடின் ஓரத்திலும் அந்த நீலம் தெரிந்தபோதுதான் விளங்கியது: இவ்வளவு நேரம் நான் படம் எடுத்தது, பாறையைக் கண்ணாடியில் ஒட்டிய எபாக்சிப் பசையை.

இந்த வேலையில் ஒளிர்வைப் பார்ப்பது எளிது. பார்த்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று சொல்வதுதான் கடினம். கனிமம், பசை, கண்ணாடி, தூசி, லென்ஸ் என ஐந்தும் ஒளிரக்கூடியவை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இவற்றைப் பிரித்தறிவதற்காகத்தான்.

அடிப்படை கொஞ்சம்

ஒரு கனிமம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, ஆற்றல் குறைந்த, கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருவது உடனொளிர்வு. விளக்கை அணைத்த பிறகும் ஒளி கொஞ்சம் நீடித்தால் அது நின்றொளிர்வு. 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் உடனொளிர்வுக்கு ஃபுளோரசன்ஸ் என்று பெயரிட்டபோது, ஃபுளோரைட் கனிமத்தின் பெயரிலிருந்துதான் எடுத்தார்.

பெரும்பாலும் ஒளிர்வைத் தருவது கனிமத்தின் முக்கியத் தனிமங்கள் அல்ல, அதில் சிறிதளவு கலந்திருக்கும் விருந்தாளிகள்: மாங்கனீசு, குரோமியம், யூரோப்பியம், யுரேனியம் போன்றவை. ஒரே விருந்தாளி வேறு வேறு வீட்டில் வேறு நிறம் காட்டும். மாங்கனீசு, கால்சைட்டில் ஆறு ஆக்சிஜன்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிர்கிறது. அதே மாங்கனீசு வில்லமைட்டில் நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவே இருப்பதால் பச்சையாக ஒளிர்கிறது. எனவே நிறத்தை மட்டும் வைத்து ஒரு கனிமத்துக்குப் பெயர் சூட்டக் கூடாது.

இன்னொரு பக்கம், இரும்பு. கனிமத்தில் இரும்பு அதிகம் இருந்தால் வாங்கிய ஆற்றல் வெப்பமாகக் கரைந்துபோகும், ஒளி வராது. பயாட்டைட், ஹார்ன்பிளெண்டு, ஹைப்பர்ஸ்தீன் எல்லாம் இருட்டாகவே கிடக்கும். ஹைப்பர்ஸ்தீன் உள்ள பல்லாவரம் சார்னோக்கைட் பாறையின் சீவலை எடுத்துக்கொண்டு ஒளிர்வு தேட உட்கார்ந்தால், விரிசல்களில் இறங்கிய பசையைத் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது. தொடங்குபவர்கள் அதை எடுக்க வேண்டாம் என்பேன்.

அலைநீளமும் கண்ணாடியும்

இதைப் பொறுமையாகப் படியுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது.

கனிமம் பார்ப்பவர்கள் பயன்படுத்தும் புற ஊதா ஒளி பெரும்பாலும் இரண்டு வகை: 365 நானோமீட்டர் நீள்அலை, 254 நானோமீட்டர் குற்றலை. நீள்அலை சாதாரணக் கண்ணாடியைத் தாண்டிப் போகும். குற்றலை போகாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

ஒன்று, கவர் கிளாஸ் ஒட்டிய சீவலில் குற்றலை கல்லைத் தொடுவதே இல்லை. மேலேயிருக்கும் கண்ணாடியும் பசையும் அதை விழுங்கிவிடும். ஷீலைட், சிர்கான், அமெரிக்காவின் ஃபிராங்க்லின் சுரங்கத்துக் கால்சைட் போன்று குற்றலைக்கே நன்றாக ஒளிரும் கனிமங்கள் இந்தச் சீவலில் செத்துக் கிடப்பது போலத் தெரியும்.

இரண்டு, ஆய்வகங்களில் உள்ள மேல்ஒளி ஃபுளோரசன்ஸ் நுண்ணோக்கியில் ஒளி, அப்ஜெக்டிவ் லென்ஸ் வழியாகவே கீழே இறங்குகிறது. சாதாரண அப்ஜெக்டிவ் கண்ணாடியால் ஆனது, ஆகவே அந்த வழியில் 254ஐ அனுப்ப முடியாது. உயிரியல் துறையின் விலையுயர்ந்த கருவியை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு ‘இந்தக் கல் ஒளிரவில்லை’ என்று எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குற்றலையைப் பக்கவாட்டில் வெளியிலிருந்துதான் அடிக்க வேண்டும்.

மூன்று, கீழேயிருந்து, அதாவது கண்டென்சர் வழியாக, புற ஊதா ஒளியை ஏற்றவே கூடாது. ஸ்லைடு, பசை என்று வழியில் இருக்கும் எல்லாவற்றையும் தூண்டிவிட்டுத்தான் அது கல்லுக்கு வரும்.

என்ன வேண்டும்?

ஒரு துருவ நுண்ணோக்கி, அதாவது ஸ்லைடுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு துருவ ஃபில்டர்கள் உள்ள நுண்ணோக்கி. 4×, 10× அப்ஜெக்டிவ்கள் போதும். 4× லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் இடையே பொதுவாக ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்கும், டார்ச் ஒளியைச் சாய்வாக நுழைக்க அது தாராளம். உருப்பெருக்கம் குறைவு என்று வருந்த வேண்டாம். பக்கவாட்டில் ஒளி அடிக்கும்போது 4×/0.10, 10×/0.25, 20×/0.5 மூன்றிலும் (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது லென்ஸின் ஒளி வாங்கும் திறன்) பிம்பத்தின் பிரகாசம் கணக்குப்படி ஒன்றுதான். ஒளி அப்ஜெக்டிவ் வழியாக வரும் கருவியில் மட்டும் கணக்கு மாறும்: அங்கே 20×/0.5, 10×/0.25ஐ விட நான்கு மடங்கு பிரகாசம் தரும். அத்தகைய கருவி உங்களிடம் இருந்தால் இரண்டாவது எண் பெரிதாக உள்ள லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

365 நானோமீட்டர் எல்இடி டார்ச் ஒன்று. வாங்கும்போது அதன் முகப்பில் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர், அதாவது இசட்டபிள்யூபி 2 அல்லது அதற்கு நிகரானது, இருக்கிறதா என்று பாருங்கள். 365 என்று எழுதி விற்கும் எல்இடியும் கொஞ்சம் ஊதா, நீல ஒளியைச் சேர்த்தே உமிழ்கிறது. அந்த மிச்ச ஒளி வெள்ளைக் கனிமத்தில் பட்டுத் திரும்பினால் மங்கலான நீல ஒளிர்வு போலவே இருக்கும். 395 நானோமீட்டர் என்று விற்கும் மலிவு டார்ச்சை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

குற்றலைக்கு, ஃபில்டர் பொருத்திய 254 நானோமீட்டர் கைவிளக்கு. இதை இரண்டாவது கட்டத்தில் வாங்கினால் போதும்.

அப்புறம் ஒரு தடுப்பு ஃபில்டர்: 420 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் லாங்பாஸ் கண்ணாடி. நுண்ணோக்கியின் குழலில் ஃபில்டர் செருகும் இடம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் ஐபீஸுக்கு மேல். இது இல்லாமல் பார்த்தால் திரும்பி வரும் புற ஊதா ஒளி உங்கள் கண்ணின் லென்ஸையே ஒளிரச் செய்து, எல்லாவற்றின் மேலும் பனி படர்ந்தது போலக் காட்டும். கண்ணுக்கும் நல்லதில்லை.

சீவல் எப்படி இருக்க வேண்டும்?

கவர் கிளாஸ் இல்லாத, மெருகேற்றிய சீவல்தான் இதற்கு ஏற்றது. மின்னணு நுண்ணோக்கிக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கார்பன் பூசுவதற்கு முன்பே ஒளிர்வைப் பார்த்துவிடுங்கள். பூசிய பிறகு ஒளிர்வு மங்கும்.

வழக்கமான தடிமன் 30 மைக்ரான், அதாவது 0.03 மில்லிமீட்டர். கையிலிருக்கும் கல்லில் ஒளி பல மில்லிமீட்டர் ஆழத்திலிருந்து திரண்டு வருகிறது. சீவலிலோ அதில் ஒரு சிறு பங்கு பொருள்தான் உண்டு. கல்லாக இருக்கும்போது தீபம் போல எரிந்தது சீவலில் மின்மினி அளவுக்குத்தான் தெரியும். ஒளிர்வுக்கென்றே சீவல் செய்பவராக இருந்தால் 50 முதல் 100 மைக்ரான் தடிமனில் இன்னொன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். கனிமத்தை 30 மைக்ரான் சீவலில் அடையாளம் கண்டு, ஒளிர்வைத் தடித்ததில் பார்க்கலாம்.

சீவல் வெட்டிய பிறகு மிஞ்சும் கல் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதன் வெட்டு முகம் சீவலின் மறுபாதி. அதில் பசை இல்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் சாட்சி சொல்லப்போகிறது.

கண்ணும் தோலும்

குற்றலை விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது, மெருகேற்றிய பரப்பில் பட்டு எதிரொளிப்பதையும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. பாதிப்பு உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும். பக்கமும் மறைக்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை மூன்றும் கட்டாயம். நீள்அலை டார்ச்சுக்கும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கும் ஒரு கண்ணாடி கொடுங்கள், அவரைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

படிப்படியாகப் பார்க்கும் முறை

முதல் படி நுண்ணோக்கியே இல்லாமல். இருட்டறையில் அந்த மிச்சக் கல் துண்டை இரண்டு அலைநீளத்திலும் காட்டி, எங்கே எந்த நிறம் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். துண்டில் எதுவுமே ஒளிரவில்லை என்றால் சீவலில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்து, சீவலைத் துடைப்பது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத லென்ஸ் துணியும் போதும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள். சலவைத்தூளில் துணியை வெண்மையாகக் காட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள் புற ஊதா ஒளியில் நீலவெள்ளையாக எரியும். டார்ச்சை ஒருமுறை துவைத்த வேட்டியில் அடித்துப் பாருங்கள், எவ்வளவு பிரகாசம் என்று தெரியும். அதிலிருந்து உதிரும் ஒரே ஒரு இழை போதும், 4× பார்வையில் ஒரு ‘ஊசிப் படிகம்’ கிடைத்துவிடும்.

பிறகு விளக்குகள் எரியும்போதே, சாதாரண முறையில் சீவலைப் படியுங்கள். ஒற்றைத் துருவ ஒளி (கீழ் ஃபில்டர் மட்டும்), குறுக்குத் துருவ ஒளி (இரண்டு ஃபில்டரும் குறுக்காக) இரண்டிலும் பார்த்துக் கனிமங்களை அடையாளம் கண்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டி நேராக இருட்டுக்குப் போகிறார்கள். இருட்டில் தெரிவது ஒரு நிறப் பொட்டு மட்டுமே. அது எந்தக் கனிமத்தின் மேல் விழுகிறது என்பதை இந்தப் படங்கள்தான் சொல்லும். இதற்குப் பிறகு மேடையை நகர்த்தாதீர்கள்.

இப்போது நுண்ணோக்கியின் விளக்கை அணையுங்கள். கீழிருந்து எதிரொளி வராமல் இருக்க, ஸ்லைடுக்கு அடியில் மேடைத் துளையின் மேல் ஒளிராத கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள். அந்தத் தாளையும் முதலில் டார்ச்சில் சோதியுங்கள், சில தாள்கள் தாமே ஒளிரும். மேல் துருவ ஃபில்டரான அனலைசரை வெளியே இழுத்துவிடுங்கள், உள்ளே இருந்தால் பாதிக்கு மேல் ஒளியைத் தின்றுவிடும். டார்ச்சை ஒரு தாங்கியில் பொருத்தி, 30 முதல் 45 டிகிரி சாய்வில், ஒளிவட்டம் சரியாகப் பார்வைப் புலத்தில் விழும்படி வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்தால் ஒரு முறை பார்த்த பிரகாசம் மறுமுறை கிடைக்காது.

அறையை முழுதாக இருட்டாக்கிப் பத்து நிமிடம் உட்காருங்கள். செல்பேசியை எடுத்தால் அந்தப் பத்து நிமிடமும் வீண்.

சரி, இப்போது பார்க்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சீவலை அல்ல, வெற்று ஸ்லைடை. கல் இல்லாமல், அதே கண்ணாடியில் அதே பசையை மட்டும் தடவி இறுகவிட்ட ஒரு ஸ்லைடை முன்பே செய்து வைத்திருங்கள். அதில் தெரியும் நிறத்தையும் அளவையும் கண்ணில் ஏற்றிக்கொண்ட பிறகு, சீவலைப் படம் எடுத்த அதே இடம் தெரியும்படி திரும்ப வைத்துப் பாருங்கள்.

ஒளியை விசாரிப்பது

ஏதோ ஒன்று ஒளிர்கிறது. உடனே மகிழ்ந்துவிடாமல் கேட்க வேண்டியவை இவை.

ஒளிர்வின் எல்லை, சாதாரண ஒளியில் பார்த்த படிகத்தின் எல்லையோடு பொருந்துகிறதா? பசை, விரிசல், துளை, பிளவுத் தளம் என்று வழி கிடைத்த இடமெல்லாம் ஓடும், படிக எல்லையை மதிக்காது. கனிமத்தின் ஒளி தன் படிகத்துக்குள் நிற்கும், சில நேரம் வளையம் வளையமாக வளர்ச்சிப் பட்டைகளையும் காட்டும்.

ஒளி ஊடுருவும் நிறமற்ற கனிமத்துக்கு அடியிலிருந்து மங்கலான நீலம் பரவலாக வருகிறதா? அது அடியில் இருக்கும் ஒட்டுப்பசை. குவார்ட்ஸ் சீவல்களில் இது தவறாமல் வரும். ‘ஒளிரும் குவார்ட்ஸ்’ என்று யாராவது காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். ஃபோகஸை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் ஒளி எந்த மட்டத்தில் கூர்மையாகிறது என்று ஓரளவு தெரியும்.

அலைநீளத்தை மாற்றினால் என்ன ஆகிறது? பசை நீள்அலையில் நன்றாக ஒளிரும். நிறமோ பிரகாசமோ இரண்டுக்கும் இடையே தெளிவாக மாறினால் அது கனிமத்துக்குச் சாதகமான சான்று.

ஒரே இடத்தில் நீண்ட நேரம் அடித்தால் மங்குகிறதா? பசை, எண்ணெய், இழை போன்ற கரிமப் பொருட்கள் மெல்ல வெளிறும். பெரும்பாலான கனிமங்கள் அந்த நேரத்தில் அசையாமல் நிற்கும்.

விளக்கை அணைத்தால் ஒரு நொடியாவது ஒளி நீடிக்கிறதா? இதைக் கண்ணை ஐபீஸிலிருந்து எடுக்காமல், வேறொருவரை அணைக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, மிச்சக் கல் துண்டில் அதே இடம் ஒளிர்ந்ததா? மற்ற எல்லாச் சான்றையும் விட எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை.

பழகுவதற்கு ஒரு சீவல்

தொடங்க எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஃபிராங்க்லின் தாது. உலகில் ஒளிரும் கனிமங்களுக்குப் பேர்போன இடம் அதுதான். துத்தநாகத்துக்காகத் தோண்டிய ஃபிராங்க்லின் சுரங்கம் 1954இல் மூடப்பட்டது, அருகிலுள்ள ஸ்டெர்லிங் ஹில் 1986இல். ஆனால் சேகரிப்பாளர்களிடம் இன்னும் துண்டுகள் புழங்குகின்றன.

ஒற்றைத் துருவ ஒளியில் மூன்று பொருட்கள் தெரியும். கறுப்பாக, ஒளி புகாத உருண்டைகள் ஃபிராங்க்லினைட். நிறமற்று, மேடு போலத் துருத்தித் தெரிவது வில்லமைட், குறுக்குத் துருவத்தில் இரண்டாம் வரிசை நிறங்கள், அதாவது பளிச்சென்ற நிறங்கள், வரும். மேடையைச் சுழற்றும்போது மேடுபள்ளம் மாறி மினுக்கி, இரட்டைப் படிகக் கோடுகளோடு கிடப்பது கால்சைட்.

இருட்டில் 254ஐ அடியுங்கள். வில்லமைட் பச்சையாகவும் கால்சைட் ஆரஞ்சுச் சிவப்பாகவும் எரியும். இரும்பு நிறைந்த ஃபிராங்க்லினைட் கறுப்பாகவே கிடக்கும். இப்போது 365க்கு மாறுங்கள்: கால்சைட் பெரிதும் அடங்கிவிடும், வில்லமைட்டும் குறையும், பசையின் நீலம் விரிசல்களில் மேலெழும். கால்சைட்டின் இந்த நடத்தைக்குக் காரணம், அதிலுள்ள மாங்கனீசு தானாகக் குற்றலையை அதிகம் வாங்க முடியாதது. கூடவே இருக்கும் சிறிதளவு ஈயம் அதை வாங்கி மாங்கனீசுக்குக் கைமாற்றுகிறது. ஈயம் வாங்குவது குற்றலையைத்தான், நீள்அலையை அல்ல.

ஒரே சீவலில், ஒரே இடத்தில், அலைநீளத்தை மாற்றி இத்தனை பாடம் படிக்க முடிவதால்தான் இதைச் சொல்கிறேன். அதே தாதுவில் கவர் கிளாஸ் ஒட்டிய சீவல் ஒன்றும் கிடைத்தால் பக்கத்தில் வைத்து 254இல் பாருங்கள். கண்ணாடி என்ன செய்கிறது என்பது விளக்கமே இல்லாமல் புரியும்.

குருந்தம்

ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் தமிழின் குருந்தத்திலிருந்து போனது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறையில் இது கிடைக்கிறது. சந்திரயான் 2 சோதனைக்காக நிலவு மண்ணைப் போலத் தயாரித்த மண்ணுக்குக் கல் எடுத்த ஊரும் இதுதான்.

குருந்தத்தில் குரோமியம் இருந்து இரும்பு குறைவாக இருந்தால், அதாவது மாணிக்கத்தின் பக்கம் சாய்ந்தால், 694 நானோமீட்டரில் அடர் சிவப்பாக ஒளிரும். இதற்குக் குற்றலை தேவையில்லை. மாணிக்கம் ஊதாவையும் பச்சையையும் நன்றாக உறிஞ்சுவதால், உயிரியல் நுண்ணோக்கியில் சிவப்புச் சாயங்களுக்காக இருக்கும் பச்சை ஒளி ஃபில்டர் தொகுதியே அருமையாக வேலை செய்யும். பச்சை ஒளிக்குப் பசை அவ்வளவாக ஒளிராது என்பதால் பின்னணியும் சுத்தமாக இருக்கும். கவர் கிளாஸ் இருந்தாலும் கவலையில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். குருந்தம் மிகக் கடினமானது, தேய்க்கும்போது சுற்றியுள்ள கனிமங்கள் 30 மைக்ரானுக்கு வந்த பிறகும் இது தடித்தே நிற்கும். எனவே குறுக்குத் துருவ நிறம் பாடப்புத்தகம் சொல்வதை விட உயர்ந்து காட்டலாம். அடுத்து, குரோமியம் உள்ள ஸ்பினெலும் சிவப்பாகவே ஒளிரும். குறுக்குத் துருவத்தில் மேடையைச் சுழற்றிப் பாருங்கள்: ஸ்பினெல் எந்தக் கோணத்திலும் இருட்டாகவே இருக்கும், குருந்தம் பெரும்பாலும் மாறி மாறி ஒளி விடும்.

பசை நண்பனாகும் இடம்

எப்போதும் பசையை எதிரியாகப் பேசிவிட்டேன். கான்கிரீட், மணற்கல் படிப்பவர்கள் வேண்டுமென்றே ஒளிரும் சாயத்தை எபாக்சியில் கலந்து, வெற்றிடத்தில் கல்லுக்குள் ஏற்றுகிறார்கள். அங்கே ஒளிர்வதெல்லாம் துளையும் விரிசலும்தான். கான்கிரீட்டில் சிமெண்ட்டுக்குத் தண்ணீர் அதிகம் சேர்த்திருந்தால் சிமெண்ட்டுப் பகுதி நுண்துளை மிகுந்து பிரகாசமாகவும், குறைவாகச் சேர்த்திருந்தால் இருண்டும் தெரியும். அப்படிச் செய்த சீவலில் கனிம ஒளிர்வைத் தேடக் கூடாது, அவ்வளவுதான்.

படமும் பதிவும்

கேமராவில் எதையும் தானியங்கியாக விடாதீர்கள். வெள்ளைச் சமநிலையைப் பகலொளி 5500 கெல்வினில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 400, நான்கு நொடி என்று தொடங்கி ஏற்றி இறக்குங்கள். கோப்பு ரா வடிவில் இருக்கட்டும். தானியங்கியில் விட்டால் கேமரா பச்சையை வெள்ளையாக்கப் பார்க்கும், இருட்டுச் சீவலையும் ஒளிர்வது போலக் காட்டும். வெற்று ஸ்லைடையும் அதே நொடி, அதே ஐஎஸ்ஓவில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படம் இல்லாமல் எடுத்த ஒளிர்வுப் படத்தை நான் சான்றாக ஏற்பதில்லை, என்னுடையதாக இருந்தாலும்.

மாணிக்கத்தைப் படம் எடுக்கும்போது திரையில் மங்கலாக வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் 694இலும் கொஞ்சம் கை வைக்கிறது. நொடியைக் கூட்டுங்கள்.

ஒவ்வொரு படத்தோடும் அலைநீளம், விளக்கின் சாய்வும் தூரமும், தடுப்பு ஃபில்டர், அப்ஜெக்டிவ், நொடி, சீவலின் தடிமன், பசையின் பெயர், கவர் கிளாஸ் உண்டா இல்லையா, அணைத்த பின் ஒளி நீடித்ததா என்பதை எழுதுங்கள். சீவலின் எண்ணை மட்டும் மார்க்கர் பேனாவால் எழுத வேண்டாம். சில மார்க்கர் மைகள் ஆரஞ்சாக ஒளிரும், துடைக்கும்போது ஆல்கஹாலில் கரைந்து கல்லின் மேலும் பரவும். வைர முனையால் கண்ணாடியின் ஓரத்தில் கீறி எழுதுங்கள்.